பத்தாவதுக்குப் பிறகு: பிளஸ் ஒன், பாலிடெக்னிக், ஐடிஐ மூன்றில் எது?

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் எழும் கேள்வி ‘எந்த குரூப்?’ என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பிளஸ் ஒன்தான் வழி என்று ஆகிவிட்ட பிறகு, அதற்குள் என்ன என்று மட்டுமே பேச்சு நடக்கிறது. பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான ஒதுக்குப்புறம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது பெரும்பாலானோர் கேட்பது, நன்றாகப் படித்தால் பிள்ளை எங்கே போய்ச் சேருவான் என்பது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மூன்று வழியிலும் பொறியியல் பட்டம் வரை போக முடியும். அதனால் அந்தக் கேள்வி எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. நடுவில் ஒரு வருடம் சறுக்கினால் அவன் கையில் என்ன இருக்கும், அங்கிருந்து வேறு வழிக்கு மாற எத்தனை வருடம் இழக்க வேண்டும் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் எடைபோடுகிறது.

முதலில் வருடக் கணக்கு. பிளஸ் டூ முடித்துப் பொறியியல் படித்தால் 10+2+4, ஆக 16 வருடம். பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தால் 10+3+3, அதுவும் 16. ஐடிஐயில் இரண்டு வருடம் படித்து, டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போனால் 10+2+2+3, அதாவது 17. ஐடிஐ வழி ஒரு வருடம்தான் கூடுதல். அந்த வழியில் 12ஆம் வருட முடிவில் தொழிற்சான்றிதழ், 14ஆம் வருட முடிவில் டிப்ளமோ என்று இடையிடையே கையில் ஏதாவது இருக்கும். பிளஸ் டூ வழியில் 16ஆம் வருடம் வரை வேலைக்கு நேரடியாக உதவும் சான்று எதுவும் கிடையாது.

மதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

கணிதத்தில் 75 வாங்கிவிட்டான், மேத்ஸ் குரூப் தாங்கும் என்று நினைப்பது மிகவும் சகஜம். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 14 ஒரு மதிப்பெண் கேள்விகள். அவற்றில் பெரும்பகுதி பாடப்புத்தகப் பயிற்சியின் பின்னால் இருப்பவை, திரும்பத் திரும்பச் செய்தால் விடை மனதில் நின்றுவிடும். கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாக 16 மதிப்பெண். அதைப் பள்ளிகள் மார்ச் வரை தினமும் வரைய வைத்துப் பழக்கிவிடுகின்றன. இந்த இரண்டிலுமே 30 வந்துவிடுகிறது. மீதிக்கு இயற்கணிதத்தை ஒதுக்கிவிட்டு, உறவுகளும் சார்புகளும், நிகழ்தகவு, அளவியல் என்று தேர்ந்தெடுத்துப் படித்தாலே 70ஐத் தொடலாம். பிளஸ் ஒன்னில் தேவைப்படுவது ஒதுக்கிவிட்ட அந்த இயற்கணிதமும் முக்கோணவியலும்தான்.

அதனால் மதிப்பெண் பட்டியலோடு இன்னொரு சோதனையும் வையுங்கள். பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டாவது பாடம் அடிப்படை இயற்கணிதம், மூன்றாவது முக்கோணவியல். இரண்டாவது பாடத்தின் முதல் இரண்டு பயிற்சிகளை, எடுத்துக்காட்டுகளைப் படித்துவிட்டு, தானாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம், தினம் ஒரு மணி நேரம் போதும். எத்தனை விடை சரி என்பது அவ்வளவு முக்கியமில்லை. மூன்றாம் நாளும் தானாகப் போய் உட்கார்ந்தானா, ஒரு கணக்கு வராதபோது பின்னால் போய் எடுத்துக்காட்டைத் திரும்பப் பார்த்தானா, அல்லது உடனே விடையைத் தேடினானா என்று கவனியுங்கள். அந்த வாரம் சொல்வதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது.

ஐடிஐ பற்றி யோசிப்பவர்களுக்கும் இதேபோல ஒரு சோதனை உண்டு. பழக்கமான பட்டறை, மின்வேலை, இருசக்கர வாகன சர்வீஸ் கடை எதிலாவது நான்கைந்து நாள் பக்கத்தில் நின்று பார்க்க அனுப்புங்கள். சம்பளமும் வேண்டாம், இயந்திரத்தைத் தொடவும் வேண்டாம். நாள் முழுக்க நிற்க முடிகிறதா, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சலிக்காமல் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பிளஸ் ஒன்: குரூப் என்ற முதல் கதவு

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த பயோ-மேத்ஸ் குரூப்பைப் பலர் விரும்புவதற்குக் காரணம், அதில் எந்தக் கதவும் மூடாது என்பது. உண்மைதான். நீட், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங், பி.எஸ்சி. எல்லாவற்றுக்கும் போகலாம். ஆனால் திறந்து வைக்கும் ஒவ்வொரு கதவுக்கும் விலை இருக்கிறது. உயிரியலில் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள், மூன்று பாடங்களுக்குச் செய்முறைப் பதிவேடு, அதற்கு மேல் கணிதம். மருத்துவத்தில் ஆர்வமே இல்லாத பிள்ளை ‘இருக்கட்டும்’ என்று இதை எடுத்தால், உயிரியல் தின்னும் நேரம் கணிதத்திலிருந்துதான் போகும்.

அது பொறியியல் கட்-ஆஃபில், அதாவது சேர்க்கைக்கான தரவரிசை மதிப்பெண்ணில், எப்படி விழுகிறது என்று பாருங்கள். கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு என்று மொத்தம் 200. கணிதம் 70, இயற்பியல் 76, வேதியியல் 84 என்றால் 70+38+42, அதாவது 150. கணிதத்தில் 10 மதிப்பெண் இழந்தால் கட்-ஆஃபில் முழுதாக 10 போகும். இயற்பியலில் 10 இழந்தால் ஐந்துதான். இந்தக் கணக்கில் உயிரியலுக்கு இடமே இல்லை, கணினி அறிவியலுக்கும் இல்லை. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் எடுக்க வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. பயோ-மேத்ஸ் எடுத்தவரும் அதில் சேரலாம். கம்ப்யூட்டர் குரூப்பின் உண்மையான நன்மை வேறு: பாடச்சுமை உயிரியலைவிடக் குறைவு, பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று நிரல் எழுதிப் பழகிவிடலாம்.

கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல் கொண்ட குரூப்பைப் பலர் கீழாக நினைக்கிறார்கள். கணிதம் நிச்சயமாக வராது, ஆனால் மருத்துவம் சார்ந்த துறையில் விருப்பம் என்றால் அதுதான் சரியான இடம். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா போன்ற மருத்துவப் படிப்புகளுக்குத்தான் நீட் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், பல துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடக்கிறது. கால்நடை மருத்துவத்துக்கும் அப்படியே.

காமர்ஸ் பற்றி நேர்மாறான தவறு நடக்கிறது. ‘கணக்கு வராதவன் காமர்ஸ் எடுக்கட்டும்’ என்கிறார்கள். கணக்குப்பதிவியலில் வருவது கால்குலஸ் இல்லைதான். ஆனால் ஒரு பதிவைத் தவறான பக்கத்தில் போட்டால் இருப்பாய்வு சமமாகாது. அரை மணி நேரம் தேட வேண்டும். பிளஸ் டூவில் கூட்டாண்மைக் கணக்குகள், நற்பெயர் மதிப்பீடு, விகிதப் பகுப்பாய்வு என்று வரும்போது சதவீதமும் பின்னமும் கைவராத பிள்ளை திணறும். எண்ணில் பொறுமை உள்ள, ஆனால் அறிவியலில் ஆர்வமில்லாத பிள்ளைக்கு இது நல்ல குரூப். சி.ஏ. அறிமுகத் தேர்வை எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம் என்றாலும், காமர்ஸ் படித்தவருக்கு அங்கே முதல் படி சுலபம்.

அரசுப் பள்ளிகள் சிலவற்றில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. மின்னியல், இயந்திரவியல், வேளாண்மை, நர்சிங், அலுவலக மேலாண்மை என்று. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் உண்மையில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இனி சறுக்கல் கணக்கு. பிளஸ் ஒன்னை நடுவில் விட்டால் கையில் இருப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மட்டுமே. அடுத்த ஜூனில் ஐடிஐயிலோ டிப்ளமோ முதலாண்டிலோ சேரலாம், இழப்பு ஒரு வருடம். பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வருகிறது, வருடம் போகாது. குறைந்த மதிப்பெண்ணோடாவது கணிதம், அறிவியல் படித்துத் தேறிவிட்டால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. அங்கும் ஒரு வருடம்தான் இழப்பு. நான்கு பாடங்களில் தவறி, துணைத்தேர்விலும் தேறாமல் போனால்தான் அடி பலம். இரண்டு வருடம் போய், பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு மறுபடி தொடக்கத்தில் நிற்க வேண்டும். அடிப்படை மிகவும் பலவீனமாக உள்ள பிள்ளையை அறிவியல் குரூப்பில் தள்ளும்போது எடுக்கும் ஆபத்து இதுதான்.

ஒரு எச்சரிக்கை. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு முக்கியக் காரணமே, பல தனியார் பள்ளிகள் முதல் வருடப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்ததுதான். மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பிறகு 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் மன அழுத்தத்துக்கு நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வர வழி திறந்திருக்கிறது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடம் முழுதாக வருகிறது. இயக்கவியல், நியூட்டன் விதிகள், வெப்ப இயக்கவியல் எல்லாம் அங்கேதான். தனியார் பள்ளியில் சேர்க்கும்முன் அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு மாணவரிடம், போன வருடம் நவம்பரில் எந்தப் புத்தகம் நடந்தது என்று கேளுங்கள். பிளஸ் டூ புத்தகம் என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும்.

பள்ளி மாற்றம்: பலர் கவனிக்காத இழப்பு

அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்து 450க்கு மேல் வாங்கிய பிள்ளையை, கடன் வாங்கியாவது தனியார் விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பது வழக்கமாக இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு வருடம் தனியாரில் படித்தால் இந்த உரிமை முழுதாகப் போய்விடும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். தமிழ்வழிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாநில அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, முதல் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான தகுதிப் படிப்பு வரை தமிழ்வழியில் படித்தால்தான் அது கிடைக்கும். பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால், நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தனியார் விடுதிப் பள்ளியால் நஷ்டமே அதிகம் என்பது எங்கள் கருத்து. அங்கே கட்டும் இரண்டு வருடக் கட்டணத்தில் ஒரு பகுதியை இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் நல்ல டியூஷனுக்குச் செலவழித்தாலே போதும்.

பாலிடெக்னிக்: முதல் வருடக் கணிதம்

டிப்ளமோவின் பலம், 18 அல்லது 19 வயதில் தொழில்நுட்பத் தகுதி கைக்கு வந்துவிடுவது. ரயில்வே ஜூனியர் இன்ஜினியர், எஸ்எஸ்சி ஜூனியர் இன்ஜினியர் போன்ற தேர்வுகளை எழுதலாம், தனியார் ஆலைகளில் மேற்பார்வை நிலையில் சேரலாம், பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். பட்டம் முடித்தவர்களில் பலருக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கும். லேத் அருகிலும் சர்வே கருவி அருகிலும் நின்று பழகிய கை.

பலவீனம் முதல் வருடத்தில் இருக்கிறது. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் எதுவாக இருந்தாலும் முதல் வருடம் எல்லோருக்கும் ஆங்கிலம், பொறியியல் கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடங்களில் நிதானமாக வரும் அணிக்கோவை, முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் இங்கே ஒரே வருடத்தில் வந்து போகும். கணக்குக்குப் பயந்து பாலிடெக்னிக் சேர்ந்த பிள்ளை அந்தக் கணக்கையே இரட்டை வேகத்தில் சந்திக்கிறான். அரியர், அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள், தொடங்குவது அநேகமாக இங்கேதான். கணிதம் முழுதாக வராத பிள்ளைக்குப் பாலிடெக்னிக் மாற்று வழி ஆகாது. கணிதம் ஓரளவு வரும், ஆனால் ஏட்டுப் படிப்பைவிடக் கையால் செய்வதில் நாட்டம் என்ற பிள்ளைக்குத்தான் அது பொருந்தும்.

இரண்டாவது சிக்கல் மேற்பார்வை. பள்ளியில் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தகவல் வரும், பெற்றோர் கூட்டம் இருக்கும். பாலிடெக்னிக்கில் பருவமுறை. 15 வயதுப் பிள்ளையைக் கல்லூரி மாணவனாக நடத்துகிறார்கள். அரியர் விழுந்ததை மூன்றாம் பருவம் வரை வீட்டில் சொல்லாத பிள்ளைகள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மதிப்பெண் பட்டியலைக் கேட்டுச் சண்டை போடத் தேவையில்லை. அக்டோபரிலும் ஏப்ரலிலும் தேர்வுக் கட்டணம் கட்டும்போது எத்தனை தாளுக்குக் கட்டுகிறோம் என்று பாருங்கள். ஹால் டிக்கெட்டில் பழைய பருவத் தாள்களும் அச்சாகியிருக்கும். அந்தப் பருவத்துக்குரிய எண்ணிக்கையைவிடக் கூடினால் அது அரியர்.

கல்லூரி தேர்வில் மூன்று விஷயங்கள். அரசு பாலிடெக்னிக் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. அரசு உதவிபெறும் கல்லூரிகளில், கோவை பி.எஸ்.ஜி., பொள்ளாச்சி நாச்சிமுத்து, சேலம் தியாகராஜர், ஆவடி முருகப்பா போன்றவற்றில், ஒரே வளாகத்தில் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். கட்டணம் வேறு வேறு, ஆகவே சேரும் இடம் எந்தப் பிரிவில் என்பதை எழுத்தில் கேளுங்கள். கோவையில் சாண்ட்விச் முறை டிப்ளமோவும் இருக்கிறது. இடையிடையே ஆலைப் பயிற்சி வருவதால் மூன்றரை வருடம் ஆகும், அந்த அரை வருடம் வீணில்லை. பிளாஸ்டிக் தொழிலில் ஆர்வம் இருந்தால் கிண்டி சிப்பெட்டில் பத்தாவது முடித்தவர்களுக்கு மூன்று வருட டிப்ளமோ உண்டு.

போலிகளிடம் எச்சரிக்கை. ‘ஒரு வருட டிப்ளமோ, நூறு சதவீத வேலை’ என்று ஃபயர் அண்ட் சேஃப்டி, கேட்டரிங், லேப் டெக்னீஷியன் பெயர்களில் விளம்பரம் வரும். ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணைப்பும் இல்லாத பொறியியல் டிப்ளமோவை வைத்துப் பி.இ.க்கும் போக முடியாது, அரசு வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது.

டிப்ளமோ மூடும் கதவுகளையும் சொல்ல வேண்டும். நர்சிங், பார்மசி, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ கேட்பார்கள். 15 வயதில் ‘மெஷின் பிடிக்கும்’ என்று சொல்லும் பிள்ளை இரண்டு வருடத்தில் மனம் மாறினால் திரும்பி வருவது கடினம். சறுக்கல் கணக்கும் இங்கே கொஞ்சம் கடுமை. இரண்டாம் வருடத்தில் எட்டு அரியரோடு விட்டுவிட்டால் அந்த இரண்டு வருடத்துக்கும் தனிச் சான்று எதுவும் இல்லை.

ஐடிஐ: குறைத்து மதிப்பிடப்படும் வழி

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பேருந்துச் சலுகை என்று அரசே தருகிறது. தகுதியுள்ளவர்களுக்கு மேலே சொன்ன 1,000 ரூபாயும் உண்டு. டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. அப்படிப்பட்ட ஐடிஐகளில் சிஎன்சி, ரோபோட்டிக்ஸ் கருவிகளைப் பார்க்கலாம். இன்னும் பழைய நினைப்பில் இருப்பவர்கள் ஒருமுறை உள்ளே போய் வர வேண்டும்.

டிரேடை, அதாவது பயிலும் தொழிற்பிரிவை, தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட், குளிர்சாதன டெக்னீஷியன் ஆகியவை இரண்டு வருடம். வெல்டர், டீசல் மெக்கானிக், கோபா எனப்படும் கணினி டிரேடு ஒரு வருடம். ‘ஒரு வருடத்தில் முடியும், சீக்கிரம் சம்பாதிக்கலாம்’ என்று வெல்டரில் சேர்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 15 வயதில் சேர்ந்தவனுக்கு முடிக்கும்போது 16தான். 18 நிரம்பாதவரைப் பெரும்பாலான ஆலைகள் எடுப்பதில்லை. அபாயமான வேலைகளில் சட்டமே தடுக்கிறது. அந்த இடைப்பட்ட காலத்தில் அவன் போவது கட்டுப்பாடற்ற சிறு பட்டறைகளுக்கு, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல். பத்தாவது முடித்த கையோடு சேருபவருக்கு இரண்டு வருட டிரேடுதான் வயதுக்கும் பொருந்தும், டிப்ளமோ இரண்டாம் ஆண்டு போகும் வழியையும் திறந்து வைக்கும்.

முதல் மூன்று மாதத்தில் இடைநிற்றல் ஏன் அதிகம் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபிட்டரில் சேர்ந்தவன் மோட்டாரையும் ரோபோவையும் எதிர்பார்த்துப் போகிறான். அங்கே வாரக்கணக்கில் இரும்புத் துண்டை வைஸில் மாட்டி அரம் போடச் சொல்கிறார்கள். மார்க்கிங், ஹேக்சா, அரம், மறுபடி அரம். கை கொப்புளிக்கும். தட்டையாகிவிட்டதா என்று ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு மூலை தூக்கியிருக்கும். 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியரைப் பிடிக்கும்முன் கை அளவுக்குப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் அது. இதை முன்பே சொல்லி அனுப்பினால் பிள்ளை ‘இங்கே ஒன்றும் சொல்லித் தருவதில்லை’ என்று வீட்டில் உட்கார மாட்டான்.

முடித்த பிறகு நேராக வேலைக்குப் போவதைவிட ஒரு வருடம் அப்ரன்டிஸ் பயிற்சி எடுப்பது நல்லது. பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்களில் உதவித்தொகையோடு எடுக்கிறார்கள். முடிவில் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் பத்தாவதோடு உரிய டிரேடில் ஐடிஐ போதும். படிப்பைத் தொடர நினைத்தால் டிப்ளமோவைத் தவிர, மொழிப் பாடத் தேர்வுகளை எழுதிப் பிளஸ் டூவுக்கு இணையான தகுதி பெறும் வழியும் இருக்கிறது.

தனியார் ஐடிஐ என்றால் என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் நிறுவனத்துக்கு மட்டுமா, நீங்கள் சேரும் டிரேடுக்கும் உண்டா என்று பாருங்கள். அங்கீகாரம் டிரேடு வாரியாகத்தான் கொடுக்கப்படுகிறது. ஒரு டிரேடுக்கு வாங்கிவிட்டு, இல்லாத இன்னொன்றுக்கும் ஆள் சேர்ப்பவர்கள் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி இன்னும் மூடியே கிடக்கிறது, வீட்டாரால். ஒரகடம், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும்போது, எலக்ட்ரீஷியன் டிரேடில் மகளைச் சேர்க்கத் தயங்குவதில் பொருளில்லை. இன்னொரு விஷயம்: எந்த வழியாக இருந்தாலும் சரி, 16 வயதில் மகள் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. சில குடும்பங்களில் ஒரு வருட இடைவெளி கல்யாணப் பேச்சாக மாற அதிக நாள் ஆவதில்லை. தூரம்தான் தடை என்றால் நலத்துறை விடுதிகளுக்கு விண்ணப்பியுங்கள்.

முடிவை யார் எடுப்பது

15 வயதுப் பிள்ளையிடம் ‘உன் இஷ்டம்’ என்று முழுதாக விட்டுவிடுவதும், ‘நாங்கள் சொல்வதுதான்’ என்று திணிப்பதும் ஒரே விளைவைத்தான் தருகின்றன. சறுக்கும்போது பழி போட ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். இதைவிடப் பயனுள்ள முறை, தகவல் சேகரிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுப்பது. மூன்று இடங்களுக்குப் போகச் சொல்லுங்கள்: ஒரு மேல்நிலைப் பள்ளி, ஒரு பாலிடெக்னிக், ஓர் ஐடிஐ. ஒவ்வொன்றிலும் இரண்டாம் வருட மாணவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள். முதல் வருடத்தில் எது கஷ்டமாக இருந்தது? உன் வகுப்பில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், ஏன்? வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது? பதில்களை ஒரே தாளில் எழுதி வரட்டும். பிறகு பெற்றோர் பணம், தூரம் என்ற இரண்டு எல்லைகளை மட்டும் போட்டு, அதற்குள் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். ‘நண்பன் அங்கே சேருகிறான்’ என்ற காரணத்தை இந்தத் தாள் பெரும்பாலும் தானாகவே வெளியேற்றிவிடும்.

உதவித்தொகை பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். அதை வீட்டுச் செலவில் கலக்காமல், தேர்வுக் கட்டணம், பதிவேடு, பேருந்துக்கு மேல் ஆகும் செலவு ஆகியவற்றை அதிலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். முதல் இரண்டு மாதம் வீணாகப் போகும். தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் கையில் பணமில்லாமல் நிற்கும்போது உடனே கொடுத்துவிடாமல், அடுத்த மாதத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்று கடனாகக் கொடுங்கள்.

பைக் கோரிக்கை பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் முதல் மாதமே வரும். கியர் வண்டிக்கு 18 வயது. அதற்கு முன் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பஸ் பாஸ் இருக்கிறது. பேருந்து வசதி இல்லாத கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வண்டி தர மாட்டேன் என்பது நியாயமில்லை. அதனால் தூரத்தைச் சேர்க்கைக்கு முன்பே பாருங்கள்.

காலக்கெடு

முடிவு வந்த வாரத்திலேயே ஐடிஐக்கும் பாலிடெக்னிக்கிற்கும் இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், பிளஸ் ஒன்தான் என்று முடிவு செய்திருந்தாலும். விண்ணப்பச் செலவு சிறியது. ஜூலையில் மனம் மாறும்போது இடம் கையில் இருக்கும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களையும் ஸ்கேன் கோப்புகளையும் எடுத்து வைத்த பிறகே அசலைக் கொடுங்கள். குரூப் மாற்றத்தைப் பள்ளிகள் முதல் சில வாரங்களுக்குள் அனுமதிக்கும். அதற்கு மேல் தாமதித்தால் அந்த வருடம் முடியாது.

காலாண்டுத் தேர்வு முதல் உண்மையான அளவுகோல். பிளஸ் ஒன்னில் அறிவியல் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கடைசி இரண்டும் கிட்டத்தட்ட உறுதி என்பதால் எழுத்தை மட்டும் பாருங்கள். கணிதம், இயற்பியல் இரண்டிலும் எழுத்தில் கால்பங்குகூட வரவில்லை என்றால், டிசம்பர் வரை அந்த இரண்டுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்துப் பாருங்கள். அரையாண்டிலும் அதே நிலை என்றால் பிளஸ் டூ வரை இழுக்காமல், அடுத்த ஜூனில் குரூப் மாற்றி மறுபடி பிளஸ் ஒன்னோ, இரண்டு வருட டிரேடில் ஐடிஐயோ என்று ஜனவரியிலேயே பிள்ளையோடு பேசிவிடுங்கள். எழுத்தில் பாதியாவது வருகிறது, சலிப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் நிறுத்த வேண்டாம். பிளஸ் டூ முடித்துவிட்டால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு காத்திருக்கிறது.